நட்டுவனாரின் மெட்டு, ராஜாவின் பெயர்

இன்றைக்கும் அரங்கேற்ற மேடைகளில் ஓயாமல் ஒலிக்கும் இசை கிழக்கேகோட்டையில் பதம்பெற்றது. அதில் பெரும்பங்கு வகித்த வடிவேலுவின் பெயர் மட்டும் ஓரத்தில்தான் நிற்கிறது.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நெரிசலுக்குப் பஞ்சமில்லை. பஸ்களின் இரைச்சல், பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைபடும் தேங்காய்கள், சாலைக் கடைத்தெருவை நோக்கி நகரும் கூட்டம். கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே நடந்தால் சத்தம் மெல்ல அடங்குகிறது. பத்மநாபசுவாமி கோயிலை அடுத்து, 122 மரக்குதிரைகள் கூரையைத் தாங்க, நிற்கிறது குதிரைமாளிகை. கட்டியவர் சுவாதித் திருநாள் மகாராஜா. நானூறுக்கும் குறையாத பாடல்கள் அவர் பெயரில் வழங்குகின்றன.

அந்த அரசவையில் நடனத்துக்கு இசையமைக்க ஒரு தஞ்சாவூர்க்காரர் இருந்தார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம் ஆகியோரின் கடைசித் தம்பி வடிவேலு. பிறந்தது 1810இல். அப்பா சுப்பராயன் நட்டுவனார். நான்கு பேருக்கும் சங்கீத குரு முத்துசுவாமி தீட்சிதர். சரபோஜி மன்னரின் தஞ்சை அரண்மனையில் பெயர் வாங்கிய பிறகே சகோதரர்கள் திருவிதாங்கூர் பக்கம் வந்தார்கள்.

வரும்போது அவர்கள் கையில் ஒரு புதுச் சரக்கு இருந்தது. அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று போகும் கச்சேரி வரிசை. எளிதில் தொடங்கி, நடுவே வர்ணத்தில் ஆடுபவரின் தாளத்தையும் அபிநயத்தையும் மூச்சையும் சேர்த்துச் சோதித்து, பதத்தில் இளைப்பாறவைத்து, தில்லானாவில் துள்ள வைக்கும் கணக்கு. இரு நூற்றாண்டுகள் ஆகியும் அந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. அவர்களின் 'ஹிட்' பட்டியலும் அப்படித்தான். நால்வரின் பைரவி வர்ணமான 'மோகமான'வும் ஆனந்தபைரவி வர்ணமான 'சகியே'யும் ஆடாத பரதநாட்டியப் பள்ளிகள் குறைவு.

திருவனந்தபுரத்தில் வடிவேலுவுக்குக் கிடைத்தது தன்னைவிட மூன்று வயது இளைய ராஜா. 1829இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது சுவாதித் திருநாளுக்கு வயது 16. இருவரும் கூட்டாளிகள் போலவே ஆனார்கள். அப்போது வெள்ளைக்காரர்களின் வாத்தியமாகவே இருந்த வயலினை நம் இசைக்குப் பழக்கிய முன்னோடிகளில் வடிவேலுவும் ஒருவர். அந்தத் திறமைக்காக 1834இல் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றை மகாராஜா அவருக்குப் பரிசளித்தார். மோகினியாட்டமும் வர்ணம், பதம், தில்லானா கொண்ட முழுக் கச்சேரியாக உருப்பெற்றது இந்த அவையில்தான் என்பது கேரள நடன வரலாறு.

சிக்கல் இங்கேதான். தோடி ராகத்தில் நால்வரின் 'தானிகே' வர்ணமும் மகாராஜாவின் 'தானி சாமஜேந்திர' வர்ணமும் ஒரே மெட்டின் இரண்டு உருவங்கள். சொல் ராஜாவுடையது, மெட்டு தஞ்சாவூர் நட்டுவனார் வீட்டுச் சொத்து. இதில் திருட்டு ஏதுமில்லை. அவைப் புலவர், அவைப் பாடகர், அரசர் மூவரும் சேர்ந்து உழைக்கும் வழக்கம் அது. ஆனால் அச்சில் ஏறும்போது ஒரு பெயர்தான் ஏறியது.

1846இல், 33 வயதில் மகாராஜா மறைந்தார். வடிவேலுவும் 40 வயதைத் தொடவில்லை. 1939இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரில் சங்கீத அகாடமி தொடங்கியது. முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் பாடல்களைத் திரட்டி, பலவற்றுக்குப் புது மெட்டும் அமைத்துக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1980களில் வீணை எஸ். பாலசந்தர் 'இவையெல்லாம் உண்மையிலேயே மகாராஜாவின் படைப்புகளா?' என்று கேட்டுப் பெரும் புயலைக் கிளப்பினார். ராஜாவுக்கு ஆதரவாகவும் எதிராகவும் பேனாக்கள் பாய்ந்தன. அந்தக் கூச்சலில் நட்டுவனாரின் பங்கு அதற்குரிய அளவில் பேசப்படவில்லை.

அரசவை இல்லாத நட்டுவனார்களுக்கு 20ஆம் நூற்றாண்டு இரக்கம் காட்டவில்லை. தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம், 1947இல் சென்னை மாகாணச் சட்டம் என்று சதிர் மேடைகள் மூடப்பட, அவர்களின் பிழைப்பும் சுருங்கியது. பரம்பரையில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ருக்மிணி தேவிக்குக் கற்பித்தார். கிட்டப்பா பிள்ளை, 1999இல் மறையும்வரை, வைஜயந்திமாலா போன்றவர்களுக்கு வீட்டுச் சொத்தைப் பாடம் சொன்னார். முன்னோரின் பாடல்கள் ஸ்வரக் குறிப்போடு புத்தகமாக வந்ததும் இந்தக் குடும்பத்தின் முயற்சியால்தான்.

சென்னையிலும் டொரோண்டோவிலும் இன்று அரங்கேற்றம் நடந்தால், வர்ணத்துக்கு முன் அறிவிப்பாளர் ராகம், தாளம், இயற்றியவர் பெயர் சொல்வது மரபு. மகாராஜாவின் தோடி வர்ணம் வரும்போது அதோடு ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்: மெட்டு தஞ்சை நால்வருடையது. அறிவிப்பில் அதற்கு ஐந்து விநாடி ஆகும்.