உங்களுக்குத் தெரியுமா? உப்பு இறைக்கும் நுரையீரல்

● மரக்காணம் உப்பளத்தில் வெயில் தண்ணீரைக் குடித்துவிடும், பாத்தியில் உப்பு தங்கும். நம் நுரையீரலில் நடப்பது நேர் தலைகீழ். காற்றுப் பைகளில் 'இரண்டாம் வகை' என்ற செல்கள் இருக்கின்றன. இவை சோடியத்தை இழுத்து ரத்தத்தின் பக்கம் தள்ளும். உப்புக்குப் பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். பிறந்த குழந்தையின் நுரையீரலில் தேங்கிய நீர் வடிவதில் இந்த இறைப்புக்குப் பெரும் பங்குண்டு.

● உப்பு இறைக்கும் அந்தச் செல்லே காற்றுப் பையின் ஸ்டெம் செல்லும்கூட. பையின் சுவர் பழுதானால் பெருகி, தட்டையான புதுச் செல்களாக மாறி ஓட்டையை அடைக்கும்.

● அதற்கு 'ஸ்டெம் செல்லாகவே இரு' என்று சொல்வது யார்? பக்கத்துச் செல் அனுப்பும் 'வின்ட்' என்ற புரதம். இந்தப் பெயரில் பாதி நம் நாட்டுச் சரக்கு! மாம்பழத்தை நறுக்கி வைத்தால் மொய்க்குமே, அந்தச் சின்ன ஈ. அதில் இறக்கையே முளைக்காத ஒரு வகையை 1970-களில் ஆராய்ந்து எழுதியவர்கள் ஆர்.பி. சர்மாவும் வி.எல். சோப்ராவும். அதற்கு 'விங்லெஸ்' என்று பெயர். 1982-இல் ரோல் நுஸ்ஸேவும் ஹெரால்டு வார்மஸும் எலியின் மார்பகக் கட்டியில் 'இன்ட்-1' என்ற மரபணுவைக் கண்டார்கள். 1987-இல் பார்த்தால், ஈயிலும் எலியிலும் இருப்பது ஒரே மரபணு! விங்லெஸ், இன்ட் இரண்டையும் ஒட்டவைத்ததுதான் வின்ட். ஈக்கு இறக்கை ஏன் இல்லை என்ற கேள்வி புற்றுநோய் வார்டு வரை வந்து நிற்கும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

● 'பெருகு' என்ற கட்டளையை வாங்கும் கதவு வேறு; அதன் பெயர் இ.ஜி.எஃப்.ஆர். அது செய்தி வந்தால் திறக்கும், வேலை முடிந்தால் மூடும். மரபணுவில் பிழை விழுந்தால், மடைப்பலகை சிக்கிய வாய்க்கால்போலத் திறந்தே கிடக்கும்; செல் ஓயாமல் பெருகிப் புற்றாகலாம். நுரையீரல் புற்றில் அடினோகார்சினோமா என்ற வகை வந்த இந்தியர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் இந்தப் பிழை உண்டு. சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்கள் இதில் நிறையப் பேர். ஜெஃபிட்டினிப், ஒசிமெர்டினிப் மாத்திரைகள் அடைப்பது இந்த மடையைத்தான்.

● 2017-இல் எலிகளில் கண்டது: நுரையீரல் கட்டிக்குள் சில செல்கள் தாமே வின்ட் சுரந்து, பக்கத்திலிருக்கும் புற்றுச் செல்களை வளர்த்துவிடுகின்றன. கட்டி தனக்கான அக்கம்பக்கத்தையும் தானே உண்டாக்கிக்கொள்கிறது! அந்தச் சுரப்பை மருந்தால் தடுத்தபோது வளர்ச்சி தணிந்தது.