விரைவுக் குற்றமும் மறுக்கும் உரிமையும்

வரம்பு கடந்து வண்டி செலுத்தினான் என்று ஒருவன்மீது குற்றஞ் சாட்டப்படின், ஒரு நாட் கூலியை இழந்து நீதிமன்றம் செல்வதினும் பணத்தைக் கட்டி அமைவதே நன்று என்பர் பலர். குற்றம் உண்மையாயின் அஃது ஒக்கும். பொய்யாயின் என் செய்வது?

நம் நாட்டில் விரைவுக் குற்றத்திற்குரியது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 183ஆம் பிரிவு. 2019இன் திருத்தப்படி இலகுரக வண்டி ஓட்டுவோனுக்குத் தண்டம் 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை. மறுமுறை அக்குற்றம் நேரின் ஓட்டுநர் உரிமமே கைக்கொள்ளப்படும். வாடகை வண்டியால் பிழைப்போனுக்கு அது வாழ்வையே பறித்தலாகும். ஆகலின் செய்யாத குற்றத்தை ஏற்றல் சிறு பொருளன்று.

மறுத்தல் சட்டத்தை இகழ்தலாகாது. விரைந்து சென்றான் என்னும் ஒரு சாட்சியின் கருத்தை மட்டுங் கொண்டு எவனையும் தண்டித்தலாகாதென்றும், அக்கருத்துக் கருவியால் அளந்து பெற்றதாதல் வேண்டுமென்றும் அப்பிரிவே கூறுகின்றது. கண் மருளும் என்பதை அறிந்தன்றோ இங்ஙனம் விதித்தனர்!

கருவியும் பிழைபடுதல் கூடும். ஆதலின் மறுப்போன் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். கருவிக்கு உரிய ஒப்புதற் சான்று உண்டா? பதிவிற் காணும் வண்டியெண்ணும் இடமும் நேரமும் பொருந்துவனவா? தனி வரம்பு விதித்த இடமாயின், அதனை அறிவிக்கும் பலகை ஆங்கு நாட்டப்பட்டிருந்ததா?

குற்றத்தை மெய்ப்பித்தல் சாட்டுவோர் கடன். எனினும், சிறார் கடக்கும் தெருவில் மெய்யாகவே விரைந்தோன் இவ்வினாக்களின் பின் ஒளிதல் அறமன்று. அவன் தண்டத்தைச் செலுத்துக. குற்றமற்றோன் சான்றுகளோடு நீதிபதிமுன் நிற்க. இருவரும் போற்றுவது உண்மை ஒன்றனையே.