எல்லாக் கோரையும் களை அல்ல

"கோரையை ஒழிக்க என்ன மருந்து அடிக்கலாம்?" என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வயலில் கிழங்கு விட்டுப் பரவும் கோரைக்கு அந்தக் கேள்வி சரி. ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் நிற்கும் கோரையை அப்படிப் பார்க்க வேண்டாம்.

கோரைக் குடும்பத்தில் உலகெங்கும் 5,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பட்டை தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டையாக இருக்கும். பத்தமடைப் பாய்க்கு நார் தருவதும் இக்குடும்பம்தான். இவற்றில் சில, ஒரு வட்டாரத்தை விட்டால் வேறெங்கும் கிடையாது. அப்படி ஓர் இனம் வளரும் பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்து, துண்டுபட்டு, மேலும் சுருங்கி வந்தால், அது உலகச் சிவப்புப் பட்டியலில் 'மிக அருகிய இனம்' ஆகிவிடும்.

சென்னையைப் பாருங்கள். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகர் எழுந்தது. ஏரியோடு கரைச்செடிகளும் போயின; மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மிச்சம். அடையாறு முகத்துவாரத்தில் குப்பை கொட்டிய 58 ஏக்கரை மீட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். நீர்நிலையை மீட்டுவிடலாம், அங்கே மட்டும் வளர்ந்த செடி அழிந்தால் விதைக்கு எங்கே போவது?

ஆகவே, ஏரியைத் தூர்வாரும்போது கரையோரக் கோரையில் ஒரு பகுதியை விட்டுவையுங்கள். நீர்நிலையில் களைக்கொல்லி அடிக்காதீர்கள். பெயர் தெரியாத கோரை பூத்திருந்தால், வேரும் பூவுமாக ஒரு செடியைச் செய்தித்தாளில் அழுத்தி, ஊரும் தேதியும் எழுதி, கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தில் காட்டுங்கள். ஒன்றிரண்டே நின்றால் பறிக்க வேண்டாம், படம் போதும்.