வாலில்லா விமானம்: ஈஸ்ட்சர்ச் முதல் சூலூர் வரை

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு மேலே வட்டமடிக்கும் கரும்பருந்தைக் கவனியுங்கள். சிறகை அசைக்காமல், பிளந்த வாலைச் சற்றே முறுக்கித் திரும்பிவிடும். விமானத்துக்கும் வால் முக்கியம்: மூக்கு தாழாமல், நிமிராமல் பிடித்துவைப்பது பின்னால் கிடைமட்டமாக உள்ள கிடைவால்தான். அதை வேண்டாமென்று விட்ட விமானம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்துக்கு 2018இல் வந்தது. அதுதான் இந்தியப் போர் விமானமான தேஜஸ்.

வாலை முதலில் விட்டவர்களில் ஒருவர் ஜான் வில்லியம் டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. காற்று கொஞ்சம் புரட்டினாலும் விமானம் கவிழ்ந்து ஆளைக் கொன்ற காலம் அது. தானாகவே நிலைகொள்ளும் விமானம் வேண்டும் என்பதே அவருடைய தவிப்பு. 1907இல் ஸ்காட்லாந்தின் பிளேர் அத்தால் மலைப்பகுதியில் ரகசியமாகச் சோதனைகள் தொடங்கின. இறக்கைகளை அம்புமுனைபோல் பின்னோக்கிச் சாய்த்தார். நுனிகளை லேசாக முறுக்கினார். எடைமையத்துக்குப் பின்னால் நின்ற அந்த நுனிகளே வாலின் வேலையைச் செய்தன. 1909இல் ராணுவம் பணத்தை நிறுத்திவிட்டது. அவர் நிறுத்தவில்லை. 1910 டிசம்பர் 20 அன்று இங்கிலாந்தின் ஈஸ்ட்சர்ச்சில், ஆர்வில் ரைட் பார்த்துக்கொண்டிருக்க, டி.5 விமானத்தில் பறந்தபடியே இரு கைகளையும் விட்டுவிட்டுக் காகிதத்தில் குறிப்பெழுதினார். விமானவியலின் பெரிய தருணங்களில் ஒன்றாகவே இதை நான் மதிக்கிறேன்.

2001 ஜனவரி 4 அன்று பெங்களூரில் ராஜீவ் கோத்தியால் ஓட்டி முதன்முதலாக எழும்பிய தேஜஸ் நேரெதிர் வழியில் போனது. முக்கோண இறக்கை, செங்குத்து வால் உண்டு, கிடைவால் இல்லை. இறக்கையின் பின்விளிம்பிலுள்ள எலிவான் என்ற அசையும் மடல்களே மூக்கை ஏற்றி இறக்குகின்றன, உடலையும் உருட்டுகின்றன. டன் பாடுபட்டுத் தேடிய நிலைத்தன்மையை இதில் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். நிலையாக நிற்கும் விமானம் சட்டென்று திரும்பாது. போர் விமானத்துக்கு அது உதவாது. விமானி கட்டுப்பாட்டுக் குச்சியை அசைத்தால் அவர் விருப்பம் மட்டுமே கணினிக்குப் போகிறது; தடுமாற்றத்தை நொடிக்குப் பலமுறை திருத்துவது கணினி. ஒன்று பழுதானாலும் விழுந்துவிடாதபடி நான்கு தனிக் கணினித் தடங்கள்.

செங்குத்து வாலையும் விட்டுவிட முடியுமா? பெங்களூரின் ஏ.டி.இ. (வானூர்தி மேம்பாட்டு நிறுவனம்) ஆய்வகம் உருவாக்கிய, 'பறக்கும் இறக்கை' வடிவ ஆளில்லா விமானம் 2022 ஜூலையில் கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் முதலில் பறந்தது. 2023 டிசம்பர் 15 அன்று எந்த வாலும் இல்லாமல் பறந்து, 'ககன்' செயற்கைக்கோள் வழிகாட்டலுடன் தானே தரையிறங்கியது.