விற்பனைக்கு வந்த வகுப்பறை – 7: ஓசியில் வந்த டி.வி.

பள்ளிப் பேருந்தின் மேல் ஒட்டிய விளம்பரங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். பேருந்தாவது பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். கிறிஸ் விட்டில் வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டார்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில் நகரிலிருந்து பத்திரிகைகள் நடத்தியவர் விட்டில். 1989-ல் சில பள்ளிகளில் வெள்ளோட்டம் பார்த்துவிட்டு, மறு ஆண்டே நாடு முழுக்க 'சேனல் ஒன்'னைக் கொண்டுவந்தார். வகுப்புகளுக்கு டி.வி., கூரையில் டிஷ், பதிவு செய்ய வி.சி.ஆர்., ஒயரிங் கூலி உட்பட எல்லாம் கம்பெனி செலவு. பள்ளி ஒரு காசு தர வேண்டாம். தினமும் 12 நிமிடம் பிள்ளைகளுக்கான செய்தி ஓடும், அவர்கள் பார்த்தால் போதும். அந்தப் பன்னிரண்டில் 2 நிமிடம் விளம்பரம்.

ஓசி என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அதிலும் புத்தகம் வாங்கவே திண்டாடும் ஏழைப் பகுதிப் பள்ளிகள்தான் அதிகம் கையை நீட்டின. உச்சத்தில் இருந்தபோது சுமார் 12,000 பள்ளிகள், 80 லட்சம் மாணவர்கள்.

ஒப்பந்தத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பள்ளி நடக்கும் நாட்களில் 90 சதவீதம், வகுப்பறைகளில் 80 சதவீதம் என்று கணக்கு வைத்து நிகழ்ச்சி ஓடியாக வேண்டும். அதுவும் இடையில் வெட்டாமல், முழுசாக. மூன்று வருடத்துக்குக் கையெழுத்து. மீறினால் டி.வி.யைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கணக்குப் பரீட்சையை ஆசிரியர் நாளைக்குத் தள்ளிப்போடலாம். மிட்டாய் விளம்பரத்தை அவர் இஷ்டத்துக்குத் தள்ளிப்போட முடியாது.

சரி, இதில் விற்பனையான சரக்கு எது? மிட்டாயும் பருவுக்குப் பூசும் கிரீமும் கடையில் விற்கிறவை. விட்டில் விற்றது வருகைப் பதிவேட்டை. வீட்டில் விளம்பரம் வந்தால் பையன் சேனலை மாற்றுவான், சமையலறைக்கு எழுந்து போவான். வகுப்பில் எங்கே போவான்? அரசாங்கச் சட்டம் அவனைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது, வாத்தியார் ஆஜர் எடுக்கிறார். இப்படி ஒரு கூட்டம் வேறெங்கே கிடைக்கும்? அரை நிமிட விளம்பரத்துக்கு 2 லட்சம் டாலர் வரை கொடுக்கக் கம்பெனிகள் தயாராக இருந்தது அதனால்தான்.

செய்தி மோசம் என்று சொல்ல மாட்டேன். பின்னாளில் சி.என்.என்.னில் பெயர் வாங்கிய ஆண்டர்சன் கூப்பர் நிருபராகத் தொழில் பழகியது இங்கேதான். ஆனால் கணக்கு இடிக்கிறது. ஆண்டுக்கு 180 நாள் என்று வைத்தால் நிகழ்ச்சி 36 மணி நேரம். விளம்பரம் மட்டும் 6 மணி நேரம், அதாவது ஏறக்குறைய ஒரு முழுப் பள்ளி நாள். நாடு முழுக்க இந்த நிகழ்ச்சிக்குப் போகும் மொத்த வகுப்பு நேரம் மக்கள் வரிப்பணத்தில் ஆண்டுக்கு 180 கோடி டாலர் பெறும் என்று அலெக்ஸ் மோல்னாரும் மேக்ஸ் சாவிக்கியும் 1998-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஓசி டி.வி.க்கு இவ்வளவு வாடகை!

எதிர்ப்பிலும் ஒரு விநோதம். எதிலுமே ஒத்துப்போகாத இடதுசாரி ரால்ஃப் நேடரும் வலதுசாரி ஃபில்லிஸ் ஷ்லாஃப்லியும், 1999-ல் செனட் விசாரணையில் ஒரே பக்கம் நின்று சாட்சி சொன்னார்கள். சேனல் அசரவில்லை. 2000-ல் ஒஹையோ மாநிலத்துப் பள்ளி ஒன்றில் இரண்டு மாணவர்கள் பார்க்க மாட்டோம் என்று மறுத்ததற்காகச் சிறார் காவல் இல்லத்துக்கே அனுப்பப்பட்டார்கள். பிற்பாடு இன்டர்நெட்டும் செல்போனும் வந்து பிள்ளைகளைப் பிடிக்க வேறு வழிகள் திறந்துகொண்ட பிறகு, 2018-ல் கடையைச் சாத்தினார்கள்.

விட்டில் அதற்கு வெகு முன்பே, 1994-ல், சேனலைக் கைமாற்றிவிட்டார். அதற்குள் அடுத்த வியாபாரம் தொடங்கியிருந்தது. இந்த முறை டி.வி. இல்லை, அரசுப் பள்ளிகளையே லாபத்துக்கு நடத்தும் 'எடிசன்' கம்பெனி. அதன் பங்குகள் பங்குச் சந்தைக்கு வந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)