நாளவழிச் சிகிச்சை: பயனும் இடரும்

நோயாளியின் உடலினுள் மருந்தைச் செலுத்துதற்கு வழிகள் பல உள. வாயால் உட்கொள்ளல், தோலின் மேற் பூசல், தசையினுள் ஊசியாற் செலுத்தல் என்பன அவற்றுட் சில. இவற்றினும் விரைவாகப் பயன் தருவது, மருந்தையோ திரவத்தையோ நாளத்தினுள் நேரே செலுத்தும் முறையாகும். வைத்தியசாலைக் கட்டிலருகே தொங்கும் பையிலிருந்து துளித்துளியாய் இறங்கும் திரவத்தைக் காணாதார் இலர். அது யாதாயினும், பொதுமக்கள் அதனைச் 'சேலைன்' என்னும் ஒரே பெயரால் வழங்குவர். 'சேலைன் ஏற்றினாற் பெலன் வரும்' என்ற எண்ணமும் எங்கும் பரவியுள்ளது. அவ்வெண்ணம் எத்துணை உண்மை என்பது ஆராயத்தக்கது.

வாய்வழிச் செல்லும் பொருள் பல காவல்களைக் கடந்தே குருதியை அடைகின்றது. இரைப்பையின் அமிலம் கிருமிகள் பலவற்றைக் கொல்லும். ஒவ்வாத பொருளை வாந்தி வெளியேற்றும். குடற்சுவர் வேண்டியவற்றைத் தெரிந்து உறிஞ்சும். அங்கிருந்து செல்லும் குருதியை ஈரல் முதலிற் பரிசோதித்து நஞ்சினை மாற்றும். நாளத்தினுட் புகும் பொருளுக்கோ இக்காவல்களுள் ஒன்றேனும் இல்லை. அஃது இதயத்தை அடைந்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் உடலெங்கும் பரவிவிடும். இச்சிகிச்சையின் பயனும் இடரும் ஆகிய இரண்டும் இவ்வொரு தன்மையினின்றே பிறக்கின்றன.

குருதி உடலினுட் சுற்றியோடுகின்றது என்பதை உவில்லியம் ஆர்வி 1628ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் பின்னரே நாளத்தினுள் மருந்து செலுத்தும் எண்ணம் அறிஞரிடையே தோன்றியது. 1656ஆம் ஆண்டில் ஒட்சுபோட்டில் கிறித்தோபர் இரென் என்பார் நாயொன்றின் நாளத்தினுள் அபினைச் செலுத்திப் பரிசோதித்தார். எனினும், இம்முறை மக்களின் உயிர்காக்கும் கருவியாக முதன்முதல் விளங்கியது 1832ஆம் ஆண்டில் வாந்திபேதி பிரித்தானியாவில் பரவிய காலத்திலேயாம். வாந்திபேதியுற்றோரின் குருதி நீரையும் உப்பையும் பெருமளவில் இழந்திருத்தலை ஓசோனெசி என்னும் இளம் வைத்தியர் ஆராய்ந்து கூறினார். அதனைக் கற்ற தோமசு லற்றா, எடின்பரோவை அடுத்த லீத் நகரில், இறக்குந் தறுவாயிலிருந்த மூதாட்டி ஒருத்தியின் நாளத்தில் உப்புநீரைச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் ஆறு பைந்து, அதாவது ஏறத்தாழ 3 இலீற்றர், உட்சென்றது. குழிவிழுந்த கண்கள் ஒளிபெற்றன; மறைந்த நாடித்துடிப்பு மீண்டது. லற்றா அவ்விடம் விட்டகன்ற பின் வயிற்றுப்போக்கு மீண்டும் தொடங்கியது. உப்புநீர் மீண்டும் ஏற்றப்படவில்லை. சில மணி நேரத்துள் அவள் இறந்தாள். இழப்புத் தொடருங்கால் ஈடுசெய்தலும் தொடரவேண்டும் என்னும் பாடத்தை அம்மரணம் உணர்த்திற்று.

எத்தகைய திரவத்தைச் செலுத்துவது என்பதும் எளிதில் அறியப்பட்டதன்று. தூய நீரை நாளத்திற் செலுத்தினால் செங்குருதிக் கலங்கள் நீரை உறிஞ்சி வீங்கி வெடிக்கும். உப்பு மிகுந்தாலோ அவை சுருங்கும். ஆதலால் இலீற்றருக்கு 9 கிராம் கறியுப்புக் கொண்ட கரைசலும், 50 கிராம் குளுக்கோசுக் கொண்ட கரைசலும் வழக்கில் வந்தன. கொதிக்கவைத்த நீரைச் செலுத்தியபோதும் நோயாளர் குளிர்காய்ச்சலுற்றமை நெடுங்காலம் புதிராயிருந்தது. இறந்த பற்றீரியாக்கள் விட்டுச்செல்லும் நஞ்சே அதற்குக் காரணமென 1923ஆம் ஆண்டில் புளோரன்சு சீபேட்டு அம்மையார் நிறுவினார். இதன் பின்னரே இச்சிகிச்சை நம்பத்தக்கதாயிற்று.

இன்று இம்முறையாற் பெறும் நன்மைகள் பல. மயங்கிக் கிடப்போர்க்கும், ஓயாது வாந்தி எடுப்போர்க்கும், குருதியிழந்தோர்க்கும் இதுவே வழி. கண்ணாடி விரியன் தீண்டியவர்க்கு நச்செதிர் மருந்து நாளவழியாகவே செலுத்தப்படுகின்றது. தசையில் இட்டால் அது மெல்லப் பரவும், விடமோ அதுவரை காத்திராது. ஆயினும், அம்மருந்து குதிரையின் குருதியினின்று எடுக்கப்படுவதால், சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே, தக்க மாற்று மருந்தை அருகில் வைத்துக்கொண்டே அது செலுத்தப்படும்.

இனி, இடர்களை நோக்குவாம். ஊசி புகுந்த இடம் வீங்கிச் சிவத்தலும், மருந்து புறத்தே கசிந்து தசையைக் கெடுத்தலும் உண்டு. தூய்மை குன்றின், கிருமிகள் நேரே குருதியினுட் புகும். குழாயிலுள்ள காற்று மிகுதியாக உட்செல்லின் குருதியோட்டம் தடைப்படும். வாழைப்பழத்திலுள்ள பொற்றாசியம் உடலுக்கு நன்மையே செய்யும். அதே பொற்றாசியத்தின் செறிந்த கரைசல் நாளத்தில் விரைந்து புகின் இதயம் நின்றுவிடும். அளவு மிஞ்சிய திரவம் சுவாசப்பையில் நீர்கோத்து மூச்சை அடைக்கும். முதியோரும், சிறுநீரக நோயுற்றோரும், இதய நோயுற்றோரும் இதற்கு எளிதில் இலக்காவர்.

டெங்குக் காய்ச்சல் இவ்வுண்மைக்குத் தக்க சான்று. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் இந்நோயுற்றதாகப் பதிவாயினர். இந்நோய் கடுமையாகும்போது, ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் வரை, குருதியின் நீர்ப்பகுதி நாளச்சுவரூடாகக் கசியும். அப்போது திரவம் குறைந்தால் குருதியமுக்கம் வீழும்; மிகுந்தால் அது நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி உயிருக்கு உலைவைக்கும். ஆதலால் தாதியர் மணிதோறும் அளந்து குறிப்பர். கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய நாடுகளில் கடுங்காய்ச்சலுற்ற சிறுவர் மூவாயிரவரிடையே நிகழ்ந்து, 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், திரவம் விரைந்து ஏற்றப்பட்டோருள் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் இரண்டு நாளில் இறந்தனர். அவ்வாறு ஏற்றப்படாதோருள் இறந்தவர் ஏறத்தாழ எழுவரே. நன்மையெனக் கருதியதும் ஆராயப்படவேண்டுவதே.

நாளவழியே யாண்டும் சிறந்ததன்று என்பதற்கு வாந்திபேதியின் பிற்கால வரலாறே சான்று. 1971ஆம் ஆண்டில் வங்காளதேச அகதிகள் இந்திய எல்லையிலுள்ள பொங்கான் முகாமிற் குவிந்தபோது நாளவழித் திரவம் போதவில்லை. திலீப் மகலனோபிசு என்னும் வைத்தியர் ஓர் இலீற்றர் நீரில் 22 கிராம் குளுக்கோசும், 3.5 கிராம் கறியுப்பும், 2.5 கிராம் சோடாவுப்பும் கரைத்து, உறவினர் கையாலேயே நோயாளர்க்குப் பருகக் கொடுப்பித்தார். குளுக்கோசு உடனிருப்பின் குடல் உப்பையும் நீரையும் நன்கு உறிஞ்சும் என்பதே அதன் அடிப்படை. நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நான்கிலும் குறைந்தது. மிகக் கடுமையாய் நீரிழந்தோர்க்கு மட்டுமே நாளவழி வேண்டப்பட்டது.

ஆகவே, 'பெலன்' கருதிச் சேலைன் கேட்டல் அறியாமையேயாம். உப்புக்கரைசலில் உணவுச் சத்து யாதுமில்லை. ஓர் இலீற்றர் குளுக்கோசுக் கரைசல் தரும் சத்தும் 200 கலோரி அளவினதே. ஒருவேளைச் சோறும் கறியும் அதனினும் மிகுதியாகத் தரும். வாயாற் பருகக்கூடியவன் பருகுதலே நன்று. வாய் உதவாவிடத்து நாளம் உதவும். அப்போதும், உடலின் காவல்கள் இல்லாத அவ்வழிக்கு வைத்தியரின் அறிவும் தாதியரின் விழிப்புமே காவலாம்.