இறுகிய தோள்: எந்தச் சிகிச்சை கொடுத்த காசுக்குத் தகும்?

சட்டையில் கையை நுழைக்க முடியவில்லை. தலை வாரிப் பின்ன முடியவில்லை. தூக்கத்தில் அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகிற வலி. டாக்டர்கள் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று சொல்லும் தோள்பட்டை இறுக்கம் வந்தவர்கள் படும் பாடு இது. 40 முதல் 60 வயதுக்காரர்களிடம் அதிகம் காணப்படும் இது, சர்க்கரை நோய் உள்ளவர்களை இன்னும் எளிதாகப் பிடிக்கிறது.

தோள் மூட்டைச் சுற்றிப் பை போல ஓர் உறை இருக்கிறது. கையை உயர்த்தும்போது அது விரிந்துகொடுக்க வேண்டும். அழற்சியால் உறை தடித்துச் சுருங்கிவிட்டால், நாமாகத் தூக்கினாலும் பிறர் தூக்கிவிட்டாலும் கை முழுதாக எழாது. பெரும்பாலோருக்கு இறுக்கம் மெல்லத் தளர்ந்துவிடும். ஆனால் அதற்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகும். அதுவரை வலியோடு காத்திருக்க யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 நோயாளிகளிடம் நடந்த ‘யுகே ஃப்ராஸ்ட்’ ஆய்வு, மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்டது. முதலாவது, ஸ்டீராய்டு ஊசி போட்டு 12 அமர்வுகள் வரை பிசியோதெரபி. இரண்டாவது, மயக்க மருந்து கொடுத்துத் தோளை அசைத்து, இறுகிய உறையை விடுவிப்பது. மூன்றாவது, சிறு துளை வழியாகக் கருவியைச் செலுத்தி உறையை வெட்டித் தளர்த்துவது. பின்னிரண்டுக்கும் பிறகு பிசியோதெரபி உண்டு.

முடிவுகள் 2020இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. தோளின் வலியும் இயக்கமும் எப்படி இருக்கின்றன என்று நோயாளிகள் சொன்னதை வைத்து, ஓராண்டு கழித்து 48க்குக் கிடைத்த சராசரி மதிப்பெண்கள் (கூடினால் நல்லது): துளை அறுவைக்கு 40.3, மயக்க மருந்து முறைக்கு 38.3, பிசியோதெரபிக்கு 37.2. நோயாளி தன் அன்றாட வேலைகளில் உணரும் அளவுக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை.

செலவில்தான் இடைவெளி பெரிது. பிசியோதெரபியைவிட மயக்க மருந்து முறைக்குச் சராசரியாக 276 பவுண்டு கூடுதல். துளை அறுவைக்கோ 1,734 பவுண்டு கூடுதல். அறுவை செய்துகொண்டவர்களில் மறுசிகிச்சை தேவைப்பட்டவர்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் பத்தில் எட்டு அவர்களிடமே ஏற்பட்டன. பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையின் கணக்கில், கொடுத்த பணத்துக்கு அதிகம் தகுவது மயக்க மருந்து முறை. காத்திருக்காமல் உடனே தொடங்க ஏற்றது பிசியோதெரபி.

அதிக விலை கொடுத்தால் அதிக குணம் என்ற எண்ணம் இங்கே பொருந்தவில்லை. அறுவைக்கு நாள் குறிக்கும் முன், “ஊசியும் பயிற்சியும் எனக்குப் போதாதா?” என்று உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.